ரதிக்குக் கொடுத்த கூறைச்சேலை

இன்று தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் என் பக்கத்தில் அரிதாரம் மணத்தது. தேங்காயெண்ணெயும் முகப்பூச்சும் வியர்வையும் கலந்த அந்த வாசனை. திரும்பிப் பார்த்தேன். இந்த வருடம் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுகிற ஆள், வேலைக்குப் பெயர் கொடுக்கக் கங்காணி முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஆடிவிட்டு அவசரமாக முகம் கழுவியிருக்கிறார் போல; காதுக்குப் பின்னால் ரோஸ் நிறம் அப்படியே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்டவர்களிடம் பனி என்று சொல்லிவிட்டேன். மாசி பிறந்துவிட்டது. கீழ் லய வீட்டு வரிசையில் காமன் கம்பம் நட்டுவிட்டார்கள். நீங்கள் இல்லாத இரண்டாவது மாசி இது.

உங்களுக்கு முன்னால் எனக்கு ஒரு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, நல்லதண்ணிப் பக்கத்து மாமா மகனோடு. பரிசம் போட்டு, அட்டனில் கூறைச்சேலையும் எடுத்தாயிற்று. அரக்கு நிறம், பச்சைக் கரை. பிரஜாவுரிமை இல்லையென்றான பிறகு ஒவ்வொரு குடும்பமாக இந்தியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. மாமா வீட்டுக்கும் பாஸ்போர்ட் வந்தது. போய்ச் சேர்ந்ததும் சேதி அனுப்புகிறோம் என்றார்கள். அனுப்பத்தான் செய்தார்கள், திருச்சிப் பக்கம் சொந்தத்தில் மகனுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று. நான் அழவில்லை. அழுதால் அவனுக்குப் பெருமை என்று வீம்பாக இருந்துவிட்டேன். சேலை தகரப் பெட்டியின் அடிக்குப் போனது. அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே லயத்தில் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அவன் போனதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் இறம்பொடையிலிருந்து எங்கள் தோட்டத்தில் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு வேலைக்கு வந்தது அந்த வருடம்தான். உங்கள் அம்மாவுக்கு உடம்பு தேறினால் மூன்று மாசிக்கு ரதி கட்டுவதாக நேர்த்தி வைத்திருந்தீர்கள். முறுக்கு மீசையை மழித்துவிட்டு வாசல் வாசலாகச் சேலை கேட்டு வந்தீர்கள். நைந்த சேலை யாரும் தருவார்கள். நல்ல சேலை எவள் தருவாள்? மன்மதன் எரிந்ததும் ரதி தாலியறுத்து அழுவது அதைக் கட்டிக்கொண்டுதானே.

"கொஞ்சம் நல்ல சேலயா இருந்தாக் குடுங்க. ஆடி முடிச்சதும் அலசிக் கொண்டாந்து குடுத்துர்றேன்" என்றீர்கள்.

நான் தகரப் பெட்டியை இழுத்தேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடிப் பாவி, கூறச்சேலைடி அது! ரதி கட்டுனா அப்புறம் யாரு கட்டுறது?"

"இப்ப மட்டும் யாரு கட்டுறா?" என்று கேட்டுவிட்டு, உங்கள் கையில் வைத்தேன். எனக்குப் பக்தி முற்றிவிட்டதாக லயத்தில் பேசிக்கொண்டார்கள். பக்தியாவது! கொடுத்தது அவ்வளவும் ஆத்திரம்.

மன்மதனை எரித்த அந்த விடியற்காலையில் நான் பெண்கள் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் தரையில் விழுந்து ஒப்பாரி வைத்தீர்கள். கரகரத்த ஆண் குரல். ஆனால் சிரிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. என் சேலை மண்ணில் புரண்டது. அதைப் பார்த்ததும், அதுவரை நான் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிக்கொண்டு வந்துவிட்டது. வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் நின்றவள் மன்மதனுக்காக அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மன்மதனை உயிர்ப்பித்து எழுப்பினார்கள். மறுநாள் நீங்கள் சேலையோடு வந்தீர்கள். அலசி, காய வைத்து, கிழிந்த ஓரத்தைத் தைத்தும் வைத்திருந்தீர்கள்.

"இந்தாங்க. மண்ணு, அரிதாரம் எல்லாம் போயிருச்சு."

"நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு எதுக்கு?"

"எனக்கு எதுக்குங்க? மீச மொளைக்குது பாருங்க."

எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "சேல மேல கோவப்படாதீங்க. அது என்னா செஞ்சிச்சு?" என்றுவிட்டுப் போனீர்கள்.

ஆடிக்குள் உங்கள் அத்தை என்னைப் பெண் கேட்டு வந்துவிட்டார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. முட்டுக்கட்டை போட்டது நான்தான். நேர்த்தி முடியாமல் ரதி கட்டுகிறவன் தாலி கட்டினால், கட்டிக்கொள்கிறவளுக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். ரதி வேஷத்துக்கான காப்பை வேறு ஆளுக்கு மாற்றிக் கட்டலாம், குற்றமில்லை என்று கூத்து மாஸ்டரே வந்து சொன்னார். "சாமி விசயத்துல வெளையாடக் கூடாது" என்று அவருக்கே புத்தி சொன்னேன். சாமி பாவம், அது ஒன்றும் கேட்கவில்லை. பயம் எனக்குத்தான். நீங்களும் போய்விட்டால் லயத்தில் மறுபடியும் குரலைத் தாழ்த்துவார்களே. நிற்கிற ஆள்தானா பார்ப்போம் என்று உங்களை நிறுத்தி வைத்தேன்.

நீங்கள் நின்றீர்கள். மாசி வந்தால் வாசலுக்கு வருவீர்கள்.

"இந்த வருசமும் சேல கெடைக்குங்களா?"

"கெடைக்கும்."

"சேல மட்டுந்தானா?"

"போயி ஆட்டத்தப் பாருங்க."

சிரித்துக்கொண்டே போவீர்கள். கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக நான் நினைத்துக்கொள்வேன். அப்படியே இரண்டு வருடம் போனது.

நேர்த்தி முடிந்த வைகாசியில் அந்தச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தேன். தாலியறுத்த சேலை என்று பின்னால் முணுமுணுத்தார்கள். நீங்கள் தாலி முடிகிற சாக்கில் குனிந்து, "எனக்கு இருந்தத விட ஒனக்குத்தான் நல்லா இருக்கு புள்ள" என்றீர்கள். சபையென்றும் பாராமல் சிரித்துவிட்டேன். நீங்கள் என்னை முதல்முதலாக நீ என்று சொன்னது அப்போதுதான்.

பிறகு நமக்குக் கிடைத்தது நாலே வருடம். பிள்ளைகுட்டி இல்லை. ஒரு மார்கழிக் குளிரில் சளி நெஞ்சில் கட்டி, ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. சேலைதான் ஆளைக் குடித்துவிட்டது என்று லயத்தில் சொன்னார்கள். சொல்லட்டும். சேலை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் வீம்புக்குத் தள்ளிப்போட்ட அந்த இரண்டு வருடத்தின் மேல்தான் மனம் ஆறவே மாட்டேன் என்கிறது. நாலு ஆறாகியிருக்கும். ஆறு வருடம் என்பது எவ்வளவு பெரிது தெரியுமா? எத்தனை சாயந்திரம் இருந்திருக்கும்.

அந்த நாலு வருடமும் சாயந்திரக் கொழுந்தைத் தராசில் நிறுத்த கையோடு நான் வீட்டுக்கு ஓடி வருவேன். ஸ்டோரிலிருந்து எனக்கு முன்னால் வந்து நீங்கள் தேத்தண்ணி ஊற்றி வைத்திருப்பீர்கள். "ஏன் புள்ள இப்பிடி மூச்சு வாங்க ஓடியாற? நான் எங்கயும் போயிர மாட்டேன்" என்பீர்கள். தேத்தண்ணி ஆறிவிடும் என்று சாக்குச் சொல்வேன். இனி ஒரு நிமிஷத்தையும் விடக்கூடாது என்றுதான் ஓடி வந்தேன். அதை உங்களிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.

அந்த ஓட்டம் இன்னும் என் காலில் இருக்கிறது. இன்றைக்கும் கொழுந்து நிறுத்ததும் ஓடினேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி வெறுங்கூடையோடு மேட்டில் மூச்சு வாங்க நின்று கத்தினாள்.

"யாருக்குடி இந்த ஓட்டம்? வீட்டுல யாரு இருக்கா?"

பதில் சொல்ல நின்றால் நேரமாகிவிடும் என்று நான் ஓடி வந்துவிட்டேன்.