ஆறாம் கட்டில் ராக்காயி

3 மார்ச் 1978
எங்கள் ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரி இனி தனி இல்லையாம். நான்கு தோட்டத்து ஆஸ்பத்திரிகளையும் ஒரே குரூப்பாக்கி, ஈப்போ பட்டணத்தில் தலைமை அலுவலகம் வைத்திருக்கிறார்கள். மொத்தமாக வாங்குவதால் மருந்து மலிவு. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காம்பார் பக்கத்து ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் செலவிலும் எங்களுக்குப் பங்காம்! தின்றது ஒருவன், தெண்டம் கட்டுவது ஒருவன். நேற்றுவரை சமாளித்த ஆஸ்பத்திரி, குமாஸ்தாவான என் கணக்கிலேயே இன்று நஷ்டம்.

29 மார்ச்
மாதச் சராசரி பத்து நோயாளிகளுக்குக் கீழே போனால் மூடுவார்களாம். எங்களிடம் இருப்பதே பத்துப் பேர்.

மூடினால் பிரசவ வலியோடு லாரியில் ஈப்போ போக வேண்டும். இந்த ஆஸ்பத்திரி வருவதற்கு முன் என் தங்கை எல்ஸி அப்படிப் போய்த்தான் வழியில் செத்தாள். விடமாட்டேன்.

11 ஏப்ரல்
ஆறாம் கட்டில் ராக்காயி விடியற்காலை இருமி இருமியே போய்விட்டாள். நாதியில்லாதவள். நாங்களே அடக்கம் செய்தோம். ஈப்போவுக்கு அனுப்பும் பட்டியலில் பெயரை அடிக்கப் பேனா எடுத்தேன். அடித்தால் ஒன்பது.

அடிக்கவில்லை. ஆண்டவரே, மன்னியும்.

14 ஏப்ரல்
அவள் பங்கு அரிசி, பால் எல்லாம் வருகிறது. சமையல்கார வீரம்மா அக்காவிடம் மட்டும் பெயரை அடிக்காத உண்மையைச் சொன்னேன்.

"பதினாறு நாளைக்கு அவ கட்டில்ல கோப்பி வைக்கிறேன். ஆனா டோரிஸ், பேரு இருக்கிற வரைக்கும் ஆளு போகாதுலா."

"போங்கக்கா!" என்று சிரித்தேன்.

15 ஏப்ரல்
குவளை காலி. பூனையாக இருக்கும்.

19 ஏப்ரல்
காலையில் விரித்த விரிப்பு பத்து மணிக்குக் கசங்கியிருந்தது. நடுவில் ஆள் படுத்த பள்ளம். தொட்டுப் பார்த்தேன். சூடு.

காயத்துக்கு மருந்து கட்டும் டிரெஸர் அந்தோணிமுத்து அண்ணன் உள்ளே வந்து, "ஆறுல யாரும்மா இருமுனது?" என்றார்.

பயமா இருக்கு. நெசமாவே பயமா இருக்கு. அப்பவும் பேர அடிக்கல. எல்ஸிய நெனச்சுக்கிட்டேன்.

2 மே
பத்துப் பேர் காட்டியும் மூடுகிறார்கள். எங்கள் மேல் குறையில்லையாம். குரூப்புக்கே நஷ்டம், அதில் நாங்கள்தான் சின்னவர்களாம். பாவி, இதற்கா அவளை நிறுத்தி வைத்தேன்?

3 மே
முதல் வேலையாக ராக்காயி பெயரைச் சிவப்பு மையால் அடித்தேன். ஒன்பது பேரை அந்தப் பட்டியலோடு காம்பார் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு வண்டியேற்றினோம். இரண்டு தடவை எண்ணினேன். ஒன்பதுதான்.

5 மே
அங்கிருந்து பட்டியல் திரும்பி வந்தது. "பெற்றுக்கொண்டது: பத்துப் பேர்." கீழே அந்த ஊர் டிரெஸரின் கையெழுத்தில்:

"தவறுதலாக அடித்த பெயரைத் திருத்திவிட்டோம். ஆறாம் கட்டில் கொடுத்திருக்கிறோம். சோறு வேண்டாமாம். காலையில் கோப்பி மட்டும் கேட்கிறார்."