ஸ்கூல் கேட் தட்டு

ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் சிஸ்டராகவும் வீட்டில் எனக்கு மட்டும் மேலதிகாரியாகவும் இருந்த என் எஸ்தருக்கு,

மயூர் விஹார் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கீழே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நம் ஜெனி மேலே போய் ரயில் ஏறிக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. நான் கூடப் போகவில்லை. நீ நம்பமாட்டாய். எனக்கே முழுசாக நம்பிக்கை வராததால்தான் வீட்டுக்குப் போகாமல் இங்கேயே இருக்கிறேன். இரண்டாவது டீ ஓடுகிறது. சர்க்கரை போட்டதுதான், திட்டாதே.

நம் குடியிருப்புத் தமிழர்கள் போடும் ஆண்டு மலருக்கு எங்கள் ஜூடோ கிளப்பைப் பற்றி ஒரு பக்கம் கேட்டார்கள். படித்துவிட்டு நாலு பேர் வந்து சேருவார்களாம். நான் பத்தாவது பாஸானதே பேப்பர் திருத்தியவரின் நல்ல மனசால்தான் என்பது உனக்குத் தெரியும். "ஜூடோ என்பது" என்று ஆரம்பித்து ஆரம்பித்துத் தாளைக் கிழித்ததுதான் மிச்சம். உனக்குச் சொல்வதாக நினைத்தால்தான் கை ஓடுகிறது. ஊரே படிக்கும் என்பதால் வீட்டு ரகசியம் எதையும் எழுதமாட்டேன்.

ஆமாம், உன் மகள் ஜூடோ கற்கிறாள். கூடவே கொஞ்சம் ஜுஜிட்ஸு. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என்னைக் கேட்காதே. எதில் விழுந்தாலும் எனக்கு இடுப்புதான் வலிக்கிறது.

பக்கத்துக் குடியிருப்பின் சமூகக் கூடத்தில் ஞாயிறு காலையில் நடக்கிறது. பால் வாங்கப் போனபோது ஜெனி அந்த வாசலில் நின்றவள் நகரவே இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை, இதெல்லாம் சரிவராது என்று சொல்லி இழுத்து வரத்தான் நான் உள்ளே போனேன். நடத்துகிற பிங்கி தீதி, எல்லாருக்கும் அக்கா, ஹரியானாக்காரப் பெண். ஆளும் குரலும் லாரி மாதிரி. நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, முதலில் கழுத்துக்கு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள், இந்தப் பிள்ளைகளுக்குக் கழுத்து எலும்பைப் பார்க்காமல் மேட்டில், அதாவது அந்த மெத்தை விரிப்பில், ஏற்றமாட்டேன் என்றாள். நீ கேட்டிருக்க வேண்டிய கேள்வி. எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போனேன். டாக்டர் பார்த்துச் சரி என்றார். ஆனாலும் ஜெனியைத் தூக்கிப் போடுகிற வேலையே கிடையாது. தரையில் பிடித்து அமுக்குவது மட்டும்தான் என்பது தீதியின் கட்டளை.

நான் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். இங்கே வேடிக்கை பார்க்க ஆள் வேண்டாம், ஜெனிக்கு ஜோடி வேண்டும் என்று சொல்லி எனக்கும் வெள்ளை உடுப்பைக் கொடுத்துவிட்டாள். அமைச்சகத்துக் கார் ஓட்டி உட்கார்ந்தே வளர்த்த தொந்தியைச் சுற்றி பெல்ட் ஒரு சுற்றுத்தான் வந்தது. முடிச்சுப் போட மிச்சமில்லை. ராகுல் என்று ஒரு பையன், வங்கியில் வேலை, பிறவியிலேயே பார்வை கிடையாது. அவன் என்னைத் தடவிப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்களுக்கு முன்னாடி இன்னொருத்தர் நிக்கிறாரே, யார் அவர்?" என்று ஹிந்தியில் கேட்டான். கூடமே சிரித்தது. உன் மகள் சிரிப்பை நிறுத்தவே இல்லை.

எஸ்தர், அங்கே யாரும் யாரையும் பாவம் பார்ப்பதில்லை. சக்கர நாற்காலியில் வருகிறவர் தரையில் இறங்கிவிட்டால் அவர் பிடியிலிருந்து வெளியே வர முடியாது. முட்டிவலி வந்த பஞ்சாபி ஆன்ட்டி ஒருவர் என்னைத் துணி மூட்டை மாதிரி உருட்டிவிட்டு, "சாரி பையா" என்று மூட்டையை அண்ணனாக்கி மன்னிப்பும் கேட்பார். ராகுலுக்குக் கண் தேவையே இல்லை. நம் சட்டையைப் பிடித்தான் என்றால் நாம் நினைப்பது அவன் கைக்குப் போய்விடும்.

ஜெனிதான் எல்லாரையும் விடக் கெட்டி. எதிராளியின் கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு மேலே சாய்ந்துவிட்டால் முடிந்தது கதை. பிரச்சினையும் அங்கேதான் வந்தது.

மேட்டில் பேச்சு கிடையாது. வலித்தாலோ மூச்சு முட்டினாலோ மேலே இருக்கிறவரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அந்த நொடியில் விட்டுவிட வேண்டும். இதுதான் முதல் சட்டம். உன் மகளோ, தட்டினால் இன்னும் இறுக்குவாள். நான் தட்டத் தட்ட அவள் இறுக்க இறுக்க, ஒரு நாள் எனக்குக் கூரையே இரண்டாகத் தெரிந்தது. தீதி ஓடிவந்து பிரித்துவிட்டாள்.

தட்டினால் விடத் தெரியும்வரை அப்பாவைத் தவிர வேறு யாரோடும் சேர்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அப்போதுதான் கரோல் பாக் கிளப்பிலிருந்து அழைப்பு வந்திருந்தது. சிநேக விளையாட்டு, எல்லாரும் ஒன்றாக மெட்ரோவில் போவது, பெற்றோர் வரக்கூடாது. ஜெனி அன்றே பை எடுத்து வைத்துவிட்டாள். உன் நீலத் துண்டைத்தான் மடித்து வைத்திருந்தாள்.

"மக்ளே, அப்பா தட்டினா ஏன் விடமாட்டேங்க?" என்று கேட்டேன்.

"நீங்க சபாஷ் சொன்னீங்கல்லா," என்றாள்.

உன் வேலைதான் எஸ்தர். ஷூ கயிறு கட்டினால் முதுகில் இரண்டு தட்டு, எழுத்தைக் கூட்டிப் படித்தால் இரண்டு தட்டு. நீ போன பிறகு எனக்கு வேறு எதுவும் செய்யத் தெரியாததால் நானும் அதையே பிடித்துக்கொண்டேன். அப்பா சந்தோஷப்படுகிறார் என்று நினைத்து அவள் என் விலா எலும்பை நொறுக்கியிருக்கிறாள்.

இதைத் தீதியிடம் சொன்னதும் சிரித்துச் சிரித்து மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு யோசித்து, அப்படியென்றால் கொஞ்ச நாள் வீட்டில் தட்டுவதை நிறுத்திப் பாருங்கள், குழப்பம் தீரட்டும் என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. நானும் நிறுத்தினேன்.

மறுநாள் காலை சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். நான் செருப்பைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டேன். அதற்கு அடுத்த நாளும் வந்து நின்றாள். லோதி ரோடு சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் இருந்திருக்கிறேன். பின்னால் இருந்த ஆபீசர், "என்னப்பா, இங்கேயே ரிட்டயர் ஆகப் போறியா?" என்று கேட்டார். உன் குரல் அவளுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உன் தட்டு இருக்கிறது. அதையும் நானே பிடுங்கிப் போட வேண்டுமா? கரோல் பாக் போவதற்கு அது விலையா?

சனிக்கிழமை டியூட்டிக்குக் கிளம்பும்போது அவளே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். விடுவதாக இல்லை. எனக்கு நேரமாகிவிட்டது. என் கை, என்னைக் கேட்காமலே, அவள் முதுகில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டது.

உடனே விட்டுவிட்டாள்.

கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். "ஏன் மக்ளே விட்ட?"

என்னை முட்டாளைப் பார்ப்பது மாதிரிப் பார்த்தாள். "கட்டிப் பிடிச்சிட்டு இருக்கச்சில தட்டுனா போணும். அம்மா ஸ்கூல் கேட்டுல தட்டும்லா. போதும் மக்ளே, விடு, போயிட்டு வா."

நான் எப்போதும் சாலைக்கு எதிர்ப்பக்கம் ஸ்கூட்டரில் காத்திருந்தவன். கேட்டில் அவள் உன்னை உடும்பு மாதிரிப் பிடித்திருப்பதும், பிறகு உள்ளே ஓடுவதும் தெரியும். நடுவில் உன் கை செய்ததைப் பார்த்ததில்லை. உன்னிடம் ஒரு வகைத் தட்டு இல்லை, இரண்டு வகை இருந்திருக்கிறது. உன் கடைசி நாளில் அந்த வார்டிலும் அவள் உன் மேல் படுத்திருந்தபோது நீ தட்டியது இதைத்தான். அவளும் எழுந்துகொண்டாள். நான்தான் அதற்கு வேறு என்னவோ அர்த்தம் வைத்திருந்தேன். அதற்குமேல் இங்கே எழுதவில்லை. மலரில் நாலு பேர் படிப்பார்கள்.

மறுநாள் மேட்டில் படுத்துக்கொண்டு சொன்னேன். "மக்ளே, இங்க தட்டுனா அது ஸ்கூல் கேட் தட்டு." பிடித்தாள். தட்டினேன். விட்டாள். தீதிக்கு நம்பிக்கை வராமல் தானே கீழே படுத்துப் பார்த்தாள். ஆன்ட்டி படுத்தார். ராகுல் படுத்து, வேண்டுமென்றே ரொம்ப மெதுவாகத் தட்டினான். அதற்கும் விட்டாள். விட்ட கையோடு அவனைத் திருப்பி உட்கார வைத்து முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். இது மற்ற வகை, சபாஷ் தட்டு. இப்போது கிளப்பில் எல்லாருக்கும் அது பழக்கமாகிவிட்டது. பிடியை விட்டதும் எதிராளிக்கு ஒரு சபாஷ். உன் கை இத்தனை முதுகில் விழும் என்று யார் கண்டது?

இன்றைக்குக் காலையில் எல்லாரும் ஸ்டேஷனில் கூடினார்கள். ராகுல் ஜெனியின் தோளைப் பிடித்துக்கொண்டான். படி வந்தால் சொல்வது அவள் பொறுப்பு. படி வருவதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தாள். கார்டு தேய்க்கும் கேட் வரைக்கும் நானும் போனேன். தண்ணீர் குடி, போனை எடு, தீதி கையை விடாதே, ஸ்டேஷன் பேர் சொல்லும்போது காது கொடு என்று சொல்லிக்கொண்டே கட்டிப் பிடித்தேன். சொல்லி முடித்துவிட்டேன். அப்புறமும் பிடித்திருந்தேன் போலிருக்கிறது. பின்னால் வரிசை நின்றது. "ஜல்தி, அங்கிள்," என்று யாரோ சொன்னார்கள்.

என் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

"போதும்ப்பா, விடுங்க. போயிட்டு வாரேன்."

விட்டேன் எஸ்தர். கேட் திறந்து மூடியது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, ராகுலுக்குப் படி சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது கரோல் பாக் போய்ச் சேர்ந்திருப்பார்கள். டீக்கடைக்காரர் மூன்றாவது வேண்டுமா என்று கேட்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், உனக்காக.

உனக்கு ஒன்று மட்டும் சத்தியம் செய்து தருகிறேன். அவள் எப்போது தட்டினாலும் அந்த நொடியில் விட்டுவிடுவேன். அவள் தட்டாதவரை விடமாட்டேன்.

கட்டிய உன்னிடமும் பெற்ற மகளிடமும் சந்தோஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்,
ஜெனியின் அப்பா