குடைக்குள் ஈரல்

1931 யூன் 3, புதன்

விடிந்ததிலிருந்து மழை. கண்டி மழை, வந்த விருந்தாளி எழும்ப மறந்த மாதிரி.

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். ஜீவகாருணிய சபையின் காரியதரிசியாகிய நான் இன்று மாலை கையில் குடையை வைத்துக்கொண்டே தெப்பமாக நனைந்து வீடு வந்தேன். குடையை விரிக்க வழியில்லை. உள்ளே வாழையிலையில் சுற்றிய ஆட்டீரல்.

சந்தையில் காசிம் நானாவின் இறைச்சிக்கடைப் பின்வாசலால் வெளியே கால் வைக்கிறேன், எதிரே சபைத் தலைவர். ஓய்வுபெற்ற பிரக்கிராசியார். நாற்பது வருடம் கோர்ட்டில் சாட்சிகளைக் குறுக்குவிசாரணையில் குடைந்த கண்.

"என்ன காரியதரிசி, குடையை வைச்சுக்கொண்டு நனையிறீர்?"

"மழைத்தண்ணி உச்சியிலை பட்டால் மூளைக்கு நல்லதெண்டு இயற்கை வைத்தியத்திலை சொல்லுது, ஐயா."

கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் குடையையும் மடக்கினார். வாவிக்கரை நெடுக இருவரும் நனைந்துகொண்டு, சீவராசிகளிடத்து அன்பு பற்றிப் பேச்சு. குடைக்கம்பி வழியாகச் சிவப்பாக ஏதோ சொட்டியது. மழை கழுவிக்கொண்டு போனது. தலைவர் மேலே பார்த்து நடந்தபடியால் தப்பினேன்.

ஈரல் பாக்கியத்துக்கு. என் மனைவி. கொஞ்ச மாதமாக முகம் மெழுகு நிறம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறாள். டொக்டர் சொன்னது: உடம்பில் இரத்தம் ஊறவில்லை. முன்பெல்லாம் இதற்கு மருந்தே கிடையாது. இப்போது சீமையில் கண்டுபிடித்திருக்கிறார்கள், ஈரல். தினமும், அரை வேக்காட்டில். தின்றால் எழும்புவா. தின்னாவிட்டால்? கேட்டேன். அவர் பேனாவை மூடினார்.

கரண்டியில் நீட்டினேன், பாக்கியம் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பினாள்.

உணவை வீணாக்குவது உயிருக்குச் செய்யும் அவமரியாதை என்று போன கூட்டத்தில் நானே முழங்கியிருக்கிறேன். ஆகவே மிளகு தூவி நானே தின்றேன். ருசி. இரத்தம் ஊறியிருக்கும், தேவையில்லாத உடம்பில்.

யூன் 5, வெள்ளி

தூறல். கந்தோரில் தேர்தல் கதை மட்டும். வேலை செய்பவனைப் பைத்தியக்காரனாகப் பார்க்கிறார்கள், ஆகவே நானும் செய்யவில்லை.

பா. ஏன் மறுக்கிறாள் என்பதை எழுதி வைக்கவேண்டும். எழுதினால் எனக்காவது விளங்குமா பார்ப்போம்.

சபை தொடங்கிய புதிதில் ஆட்கள் வந்தார்கள், கை தட்டினார்கள், வீட்டுக்குப் போய் நண்டு உடைத்தார்கள். ஒரு பிடிமானம் வேண்டும் என்று சடங்கொன்று வைத்தேன். என்னுடைய மூளைதான், வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. சேருகிறவர் பிள்ளையார் கோயில் முன்றலில் எரிகிற கர்ப்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, "இனி மச்சம் தொடேன்" என்று, மீனும் இறைச்சியும் விட்டதாக, சத்தியம் செய்யவேண்டும். யாழ்ப்பாணத்தில் காணிச் சண்டைக்குச் செய்கிற சத்தியம். சனத்துக்குப் பிடித்துக்கொண்டது. நாடகம் பார்த்த மாதிரி. அணைத்த கையோடு போய் மாசிக் கருவாட்டுச் சம்பல் தின்றார்கள். மாசி மச்சத்தில் சேருமா என்று ஆராய ஒரு குழு போட்டோம். குழு இன்னும் ஆராய்கிறது, பாணுடன் தின்று தின்று.

பெண்கள் ஒருவரும் சேரவில்லை. ஆகவே ஆண்டு விழாவில் பாக்கியத்தை முன்னால் நிறுத்தினேன். "என் பிரசங்கத்தின் முதற்பலன்" என்று அறிமுகம். அணைத்தாள். கை சிவந்ததைச் சீலைத் தலைப்பில் மறைத்துக்கொண்டாள். அவ்வளவு பேர் அணைத்ததில் அதைச் சத்தியமாக எடுத்தவள் அவள் ஒருத்தி.

இன்று மறுபடி.

"இஞ்சரும், மருந்தெண்டு நினைச்சு விழுங்கும்."

"கர்ப்பூரம் அணைச்ச கை."

"எத்தினை பேர் அணைச்சவை. எல்லாரும் திண்டுகொண்டுதான் திரியினம்."

"அது அவையின்ர கை."

"ஒரு ஆட்டுக்காகவோ உயிரை விடப்போறீர்?"

"ஆட்டைப் பற்றி எனக்கென்ன தெரியும். பிள்ளையாருக்கு முன்னாலை சொன்னது. அவர் ஆடில்லையே."

ஈரலைத் திரும்ப மூடி வைத்தேன்.

யூன் 8, திங்கள்

மழை. செருப்பில் பூஞ்சணம்.

கோயில் ஐயரிடம் போனேன். சத்தியத்தை இளக்க வழி உண்டா?

"யார் பண்ணினா?"

"ஒரு தெரிஞ்ச ஆள்."

"உங்காத்துக்காரிதானே. நான்தானே கர்ப்பூரம் ஏத்தினேன்." ஐயருக்கு ஞாபகசக்தி அதிகம், தட்சணை குறைந்தவர்களைக்கூட மறக்கமாட்டார். "அவா வந்து தன் வாயால 'விட்டுடு பிள்ளையாரப்பா'ன்னு கேக்கட்டும். கேட்டா விட்டுடுவார். நீர் கேட்டா அவர் எப்படி விடுவார்?"

வீட்டில் சொன்னேன். "நான் கேக்கமாட்டன்" என்றாள். அவ்வளவுதான். பிள்ளையார் தயார், ஐயர் தயார், டொக்டர் தயார்.

யூன் 10, புதன்

செய்து பார்த்தவை. ஈரலை அரைத்து உளுத்தங்களியில் கலந்தது (அடுப்படியிலிருந்து வந்த மணத்திலேயே பிடித்துவிட்டாள்). லேகியம் என்று சொன்னது (எந்த வைத்தியர், என்ன பேர், எந்தத் தெரு என்று கேட்டாள், இவளிடம் பிரக்கிராசியாரே தோற்பார்). கோபப்பட்டது. அழுதது. கடைசி இரண்டும் திட்டத்தில் இல்லாதவை. அழுததற்கு மட்டும் கொஞ்சம் பலன், சோறு இரண்டு வாய் கூடத் தின்றாள்.

தலைவர் வந்து பார்த்தார். மூக்கடைப்பு, இருமல், மழைவைத்தியத்தின் பலன். ஆனாலும் ஒரு கூடை கீரை.

"மரக்கறியாலையே குணமானா எண்டால் ஆண்டறிக்கையிலை முதல் பக்கத்திலை போடலாம், காரியதரிசி."

"குணமாகாட்டில்?"

"அப்ப போடத் தேவையில்லைத்தானே."

நல்ல மனிதர். உண்மையாகவே கீரையை நம்புகிறார். நான் எதை நம்புகிறேன் என்று யாராவது கேட்டால் தேவலை.

ஒரு யோசனை வந்திருக்கிறது. சனிக்கிழமை வாசிகசாலையில் விவாதம்: "மனிதனுக்கு உகந்தது மரக்கறி உணவே." நான் மரக்கறிக் கட்சி. நான் தோற்றால்? ஊர் முன்னால், முட்டாளாக, மூக்குடைபட்டுத் தோற்றால்? சபையே பிழை என்று தீர்ந்தால் அவள் பிடி கொஞ்சமாவது தளராதா? எதிர்க்கட்சிக்குப் பலமான ஆள் வேண்டும்.

காசிம் நானாவிடம் போனேன். அவர் மடவளை ஆள், கடைக்குத் தினமும் அங்கிருந்து வருகிறார்.

"நானா பேசுறதா? எனக்குக் கத்தி புடிக்கத்தான் தெரியும், கிளாக்கர் ஐயா."

"அதையே பேசுங்கோ."

"செரி. ஆனா ஒங்கள ஏசச் சொல்லாதீங்க. அது எனக்கு ஏலாது."

யூன் 13, சனி

வாசிகசாலை நிறைந்து, படியிலும் சனம். தேர்தல் காய்ச்சல். எதற்காவது கை தூக்கவேண்டும் போல் இருக்கிறார்கள்.

நானா நன்றாகப் பேசினார். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக. "நான் அல்லாட பேரச் சொல்லித்தான் அறுக்கிற. பேர் சொல்லாம ஒரு உசிரையும் தொட்டதில்ல. நீங்க நடக்கக்குள்ள மிதிக்கிற எறும்புக்கு ஆர்ட பேரச் சொன்னீங்க?" மண்டபமே அசந்து போனது. எனக்குச் சந்தோசம்.

பின்வரிசையில் மஹய்யாவ வட்டாரத்துச் சுப்பையா, தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து இப்போது நகரசபையில் வேலை. எழுந்து நின்றார். "ஐயா, லயத்துல கருவாட்டுத் தலை கெடைச்சா அன்னைக்குத்தாங்க எங்களுக்குப் பண்டிகை. மத்த நாளெல்லாம் நாங்க உங்க சபையிலதாங்க இருக்கோம். சேரச் சொல்லித்தான் யாரும் கேக்கல." சிரிப்பு. எனக்கு இன்னும் சந்தோசம். தோல்வி கண்ணுக்குத் தெரிகிறது.

என் முறை. தடுமாறத் தீர்மானித்திருந்தேன். தடுமாறினேன். சிரித்தார்கள். அங்கேதான் பிசகு. யாராவது சிரித்தால் எனக்குள் ஒரு பேய் எழும்பும். ஆடொன்று பிரக்கிராசியாரிடம் வழக்குக் கொண்டு வருகிற கதையை அந்த இடத்திலேயே கட்டினேன். ஆடு கதிரையில் உட்காருகிறது, தாடியைத் தடவுகிறது, பிரக்கிராசியாரும் தாடியைத் தடவுகிறார். தலைவருக்கே கண்ணில் நீர். எவ்வளவு முயன்றும் நிறுத்த முடியவில்லை.

நிலைமை கெடுவதைக் கண்டு கடைசி ஆயுதம். நெஞ்சில் கை வைத்து, நானாவை நேரே பார்த்து: "என்ர கையிலை இறைச்சிப் பொட்டலம் கண்டவர் இந்த மண்டபத்திலை ஆராவது இருந்தால் எழும்பிச் சொல்லட்டும்."

ஒரு சொல் போதும். அவர் வெல்வார், நான் நாறுவேன், பா. சாப்பிடுவாள்.

நானா நிலத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து, "நான் காணல்ல" என்றார்.

கை தூக்கியவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும். சுப்பையாவும். நான் வென்றேன். மாலை போட்டார்கள்.

வெளியே வைத்து நானாவைக் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று.

"ஊட்டுல நோயாளி ஈக்கிற மனிசன். நாலு பேருக்கு முன்னால எப்பிடிச் சொல்ற?"

அந்த மனிதருக்கு என் திட்டத்தைச் சொல்லாமல் விட்ட மடையன் நான்.

யூன் 14, ஞாயிறு

அடுத்த வீட்டுக்காரி முந்திக்கொண்டு பாக்கியத்திடம் சொல்லிவிட்டாள்.

"வெண்டியளாம்."

"ஓம்."

"ஆடு தாடி தடவினதாம். எனக்கும் ஒருக்கால் செய்து காட்டுங்கோ."

செய்து காட்டினேன். சிரித்தாள், பிறகு வெகுநேரம் மூச்சு வாங்கினாள். மாலையைப் பிள்ளையார் படத்துக்குப் போட்டாள்.

யூன் 18, வியாழன்

கால் வீக்கம். டொக்டர் வந்தார். கட்டை விரலால் கணுக்காலை அழுத்தினார், குழி எழும்பவில்லை. கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வாசலில் வைத்துச் சொன்னது: "அவ விரும்பினதைக் குடுங்க."

இந்த வாக்கியத்தை வேறு வீடுகளில் கேட்டிருக்கிறேன். அங்கெல்லாம் நான் பார்க்கப் போனவன்.

கேட்டேன், என்ன விருப்பம் என்று. தயிர் என்றாள். குளிர்ந்ததாக. கந்தோர் பியோன் தெல்தெனிய ஆள், சட்டியோடு எருமைத்தயிர் கொண்டு வந்தான். இரண்டு கரண்டி. கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக.

நானா கேட்காமலே ஈரல் அனுப்பியிருக்கிறார். தினமும் அனுப்புகிறார். திருப்பியனுப்ப மனமில்லை. தின்னவும் இல்லை. கிணற்றடி வாழைக்குக் கீழே புதைத்தேன். காரியதரிசியின் இறைச்சி அடக்கம்.

தலைவர் இரண்டாவது கூடை கீரை.

யூன் 21, ஞாயிறு

மழை விட்டு வெயில். பாக்கியத்தை முன்னறைச் சாய்கதிரையில் இருத்தினேன். தூக்கும்போது பாரமே தெரியவில்லை.

இன்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடை, பின்வாசல், நானே தின்றது, தோற்கப் போய் வென்றது. பிறகு நெஞ்சில் கிடந்ததையும்:

"என்ர பேச்சைக் கேட்டுத்தானே நீர் மச்சத்தை விட்டனீர். அதாலைதானே இந்தச் சத்தியம், இந்தக் கோலம். என்ர வாய்தான் உம்மைக் கெடுத்தது."

சிரித்தாள்.

"உங்கட பேச்சோ. நான் ஒண்டும் முழுசாக் கேட்டதில்லை. பெண்டுகள் பக்கத்திலை இருந்து நித்திரை கொள்ளுவன்."

"அப்ப ஏன் மச்சத்தை விட்டனீர்?"

"நாக்கு எரிஞ்சது. மீன்குழம்பு வாயிலை வைக்கேலாது, நெருப்பு மாதிரி. உறைப்பில்லாமல் மீன் என்னத்துக்கு எண்டு விட்டிட்டன். நீங்கள் என்ர சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துப்போட்டு, பாக்கியம் சைவமாயிட்டாள் எண்டு ஊரெல்லாம் சொன்னியள். அவ்வளவு சந்தோசமாச் சொன்னியள். பிறகு நான் என்னெண்டு இல்லையெண்டுறது."

"நாக்கு எரியுதெண்டு எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான். நீங்கள் சபைக்கு விதி எழுதிக்கொண்டிருந்தனீங்கள்."

கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் தயிர் கேட்டாள்.

வியாழக்கிழமை டொக்டர் படியிறங்கும்போது கேட்டார்: இந்த நோய் முதலில் நாக்கில்தான் தொடங்கும், இவவுக்கு எப்போது தொடங்கியது? தெரியாது என்றேன்.

அவள் மீனை விட்டது இரண்டு வருடத்துக்கு முந்திய வைகாசியில். சபை தொடங்கியது அந்த ஆவணியில்.