மாட்டுப் படம் போட்ட பை

செவ்வாய். காலையிலேயே வெயில். செவலைக்குத் தண்ணீர் காட்டியாயிற்று. தவிடு, பிண்ணாக்கு, மாட்டு டாக்டர் சொன்ன தாது உப்பு மாவு. ஒரு பிடி போதும் என்றிருந்தார். பத்து நாளில் ஒரு லிட்டர் பால் ஏறியது. இன்று மூன்று பிடி. ஆசைதான்.

மாவுப் பையில் எல்லாம் இங்கிலீஷ். எனக்குத் தமிழே பீங்கான் கம்பெனியில் அச்சு முதுகில் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி வந்தது. பையில் மாட்டுப் படம் உண்டு. அது போதும்.

மருமகள் செல்வி கூடத்தில் பொம்மைக்கு அச்சு வார்க்கிறாள். "மாமா, பாலு ஏறுனா எனக்கு ஒரு டம்ளரு தனியா."

புதன். மேகம், மழை இல்லை. செவலை அசை போடவில்லை. காலையில் ஆறு லிட்டர் கறக்கும். இன்று இரண்டு. சாணி இல்லை. இடது வயிறு கல் மாதிரி. மகன் லாரியோடு வேப்பூர் தாண்டிவிட்டான். போனில், "வெத்தலயும் மொளகும் அரச்சுக் குடுப்பா." கொடுத்தோம். ஒன்றுமில்லை.

சாயங்காலம் டாக்டர். "புதுசா எதுனா குடுத்தீங்களா பெரியவரே?"

"எப்பவும் குடுக்கறதுதாங்க."

எண்ணெய், ஊசி. மூன்று பிடியைச் சொல்லவில்லை. வெட்கம்.

வியாழன். தொட்டி கழுவப் போனேன். அடியில் வெள்ளையாக ஒரு வில்லை. நகம் இறங்கவில்லை. கலக்கிய என் விரல் மூன்றும் அப்படியே பதிந்திருக்கின்றன. இருபத்தெட்டு வருஷம் அச்சு வார்த்த கைக்கு வேறு சாட்சி வேண்டாம். பிளாஸ்டர், தண்ணீர் பட்டால் கல்லாகிற அச்சு மாவு.

"செல்வி, பிளாஸ்டர் மாவு எதுலம்மா இருக்குது?"

"மூட்டைய எலி கடிச்சிடுச்சு மாமா. மாட்டு மாவு கொஞ்சந்தான் இருந்துது, அத டப்பாவுல போட்டுட்டு பிளாஸ்டர அந்தப் பையில கொட்டிட்டேன். சொல்லணும்னு இருந்தேன். ஏன்?"

"சும்மா."

அவள் அம்மா வீட்டிலிருந்து கன்றாக வந்த மாடு. எப்படிச் சொல்ல?

பஸ்ஸில் டாக்டரிடம் போனேன். அவரிடம் சொன்னேன். "நேத்தே சொல்லியிருந்தா வயித்தக் கிழிச்சு எடுத்திருக்கலாம். இப்ப தாங்காதுங்க."

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. நின்றுகொண்டே வந்தேன்.

வெள்ளி. புழுக்கம். செவலை எழுந்திருக்கவில்லை. ஈ.

"டாக்டரு என்னா சொன்னாரு மாமா?"

"வயசுன்னாரு."

"ரெண்டு ஈத்து மாட்டுக்கா?"

வில்லையை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து அவள் கையில் வைத்தேன். விரல் தடத்தைத் தடவிப் பார்த்தாள். அச்சு வார்ப்பவள். கேட்க வேண்டியிருக்கவில்லை.

"பைய மாத்துனது நானு மாமா."

"மூணு பிடி போட்டது நான்தாம்மா."

செவலை கழுத்தைத் தரையில் நீட்டிவிட்டது. செல்வி வாளியில் வெறும் தண்ணீர் கொண்டு வந்து மூக்கருகே வைத்தாள். முகர்ந்தது. குடிக்கவில்லை.