துரை விட்டுப்போன குளியல்தொட்டி

23-6-57, ஞாயிறு

விஜயாவுக்கு நம் வீட்டில் வளைகாப்பு. இருந்தவர்கள்: மூவாரிலிருந்து சம்பந்தி சாரதாம்பாள், மாப்பிள்ளை ஜெயபாலன், புக்கிட் பாருவிலிருந்து என் தங்கை கமலவேணி, பக்கத்து வீட்டு நூர்ஜஹான், விஜயா, இவர், நான். வேறு யாருமில்லை.

நல்லபடி முடிந்தது என்று நினைத்தேன். கை கழுவப் போன சம்பந்தி, வெளியே வந்து எல்லோர் முன்னாலும் கேட்டார்: "இம்மா ஒசரத் தொட்டிக்குள்ள கால தூக்கி வச்சா என் மருமக குளிக்கணும்? குழாயத் தொறந்தா செம்மண்ணா வருது. மொதல்ல அத சரி பண்ணுங்க. பொறவு கூட்டிக்குங்க."

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். பிள்ளையை மூவாருக்கே அழைத்துப் போய்விட்டார்கள். ஆடி பிறப்பதற்குள் கூட்டி வர வேண்டும். ஆவணி என்றால் ஒன்பதாம் மாதம். அந்த வயிற்றோடு பெர்ரியில் ஆறு தாண்டி வருவாளா?

25-6-57

தொட்டியை எடுத்துவிட்டுத் தரை போடுங்கள், தாழ்வாக ஒரு குழாய் வையுங்கள் என்று இவரிடம் சொன்னேன். "துரை குளிச்ச தொட்டிடி. வீட்டோட சேத்து வாங்குனது. நம்ம காஜா பெராங்கில வேற யாரு வீட்ல இருக்கு?" என்கிறார். புதுக் குழாய்களும் ஷவரும் போட்டால் சம்பந்தி வாயடைத்துப் போவாராம்.

துரை குளித்தார், சரி. துரை பிள்ளையா பெற்றார்?

2-7-57

குழாய் வேலைக்கு ஹனீபா வந்தார். பழைய குழாயைத் திருகினார். சுவருக்குள் பைப்பு முறிந்தது. வீடு முழுக்கத் தண்ணீர் இல்லை. நூர்ஜஹான் வீட்டிலிருந்து வாளி வாளியாகச் சுமக்கிறேன்.

"வெள்ளக்காரன் காலத்துப் பைப்பு அக்கா, அப்படித்தான்."

"இன்னும் வெள்ளக்காரன் காலந்தானே தம்பி. ஆகஸ்டு வரைக்கும் இருக்கே."

சிரிக்கிறார். மெர்டேகாவுக்குள், சுதந்திர நாளுக்குள், முடித்துவிடுவாராம். ஆடிக்குள் முடி அப்பா என்றேன்.

5-7-57

ஹனீபா வரவில்லை. பாடாங் திடலில் மெர்டேகா விழாவுக்கு விளக்குக் கம்பம் நடுகிறாராம். குழாய்க்காரருக்கு விளக்குக் கம்பம் எதற்கு?

12-7-57, வெள்ளி

ஒருவழியாக முடிந்தது. சுடுதண்ணீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் சுடுதண்ணீர். "பழகிடும் அக்கா." பளபளப்புக்குக் குறைவில்லை. இவர் கைக்குட்டையால் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறார்.

13-7-57, சனி

இவருக்கு எண்ணெய்க் குளியல். வழக்கமாகப் பின்கட்டில் பலகை போட்டு உட்காருவார். இன்று துரைத் தொட்டியில்தான் குளிப்பேன் என்று, தலையிலிருந்து கால்வரை நல்லெண்ணெயோடு இறங்கினார்.

தடாலென்று சத்தம். ஓடினேன். கவிழ்ந்த ஆமை மாதிரிக் கிடக்கிறார். எழ முடியவில்லை, பிடிமானமே இல்லை, வழுக்குகிறது. புதுக் குழாயைப் பிடித்து இழுத்தார், அது கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரைவரை. நானும் நூர்ஜஹானும் சாக்கைப் போட்டு இழுத்து வெளியே எடுத்தோம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே இழுத்தாள், பாவம். இவருக்கு முழங்கை வீங்கிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே நின்றும் போனது. இது விஜயாவாக இருந்தால்? வெள்ளிக்கிழமை தவறாமல் எண்ணெய் வைத்து நான்தானே அவளை உள்ளே இறக்கியிருப்பேன்... முருகா. பிறகு எழுதுகிறேன்.

14-7-57

இவர் காலையில் கட்டுப்போட்ட கையோடு தாமே போய் ஹனீபாவை அழைத்து வந்தார். "தொட்டிய எடுத்துரு" என்றார். அவ்வளவுதான். ஹனீபாவுக்கே நம்பிக்கை வரவில்லை, என்னைப் பார்த்தார். கதவு நிலையைப் பெயர்த்துத்தான் வெளியே எடுக்க முடிந்தது. நானும் போய் ஒரு பக்கம் பிடித்தேன்.

18-7-57, வியாழன்

சிமெண்டு காய்ந்துவிட்டது. வழுக்காமலிருக்கத் தென்னந்துடைப்பத்தால் கீறிவிடச் சொன்னேன். உட்கார்ந்து குளிக்கத் தாழ்வாக ஒரு குழாய். ஷவரும் இருக்கட்டும்.

ஆடியும் பிறந்துவிட்டது. அதற்குள் முடிக்கத்தானே இவ்வளவும். இரண்டு நாள் பூஜை அறையில் உட்கார்ந்து யோசித்தேன். எந்த ஆடியிலும் நான் நல்ல காரியம் தொட்டதில்லை. ஆனால் ஒன்பதாம் மாதம் அவளைப் படகேற்ற என்னால் முடியாது. முருகனிடம் சொல்லிவிட்டேன், தவறானால் அது என்னோடு போகட்டும் என்று.

சம்பந்திக்கு எழுதியதன் நகல்:

"தொட்டியை எடுத்தாயிற்று. தரை வழுக்காது. ஆடியென்று பார்க்க வேண்டாம், விஜயாவை அனுப்பி வையுங்கள். என்றைக்கு அழைக்க வரட்டும்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்."