ஃபாயிஸாவுக்கு வந்தது சோம்பல் இல்லை

ஆனையூர், மதுரை

அன்பு மகன் தவ்பீக்குக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையில் நானும் அத்தாவும் உன் பெண்டாட்டியும் இங்கே சுகம், துபாய் வெயிலில் நீயும் சுகமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே டியூட்டிக்கு நேரமாச்சும்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி, லீவு முடிந்து அங்கே திரும்பும் உன் சிநேகிதன் அசாருதீன் கையில் கொடுத்துவிடுகிறேன், உட்கார்ந்து முழுதாகப் படி.

போன மாதம் என்னிடம் என்ன சொன்னாய், ஃபாயிஸா எந்நேரமும் தூங்குறா, சோம்பேறி, நல்லா வேலை வாங்குங்க என்றாய். தைராய்டு என்று அவள் சொன்னதற்கும் சாக்குச் சொல்லாத என்றாயாமே. அடேய், சாக்கு இல்லையடா. தைராய்டோடு உடம்பில் இரும்புச்சத்தும் இல்லை, வைட்டமினும் இல்லை. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது, அப்படியிருந்தும் எனக்கு முன்னால் எழுந்து அத்தாவுக்கு டீ போட்டுக் கொடுத்துவிடுவாள். நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

ஒருநாள் விடாமல் மாத்திரை போட்டும் நோன்புக்குப் பிறகு எடுத்த டெஸ்டில், தைராய்டு குறைந்தால் ஏறுமாமே அந்த டி.எஸ்.ஹெச்., ஏறிப்போய் இருந்தது. டாக்டரம்மா டோஸைக் கூட்டி எழுதப் போனார். இவள்தான், நோன்புல தைராய்டு மாத்திரை, இரும்பு மாத்திரை, கால்சியம் எல்லாத்தையும் விடியறதுக்கு முந்தி சஹர் சாப்பாட்டோட ஒண்ணாத்தான் போட்டேன் டாக்டர், அதனால இருக்குமா என்று கேட்டாள். நம் வீட்டில் வேறு யாருக்குத் தோன்றும் சொல்? எல்லாவற்றையும் ஒரு கை அள்ளிப் போட்டு மேலே டீயைக் குடிப்பதுதானே நம் வழக்கம். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, நல்லவேளை கேட்டீங்க, இரும்பும் கால்சியமும் தைராய்டு மாத்திரைய உடம்புல சேரவிடாது, டோஸ் இப்படியே இருக்கட்டும், நேரத்தைப் பிரிச்சுப் போடுங்க, அப்புறம் பாப்போம் என்றார்.

அன்றிலிருந்து எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, பிறகு ஒரு மணி நேரத்துக்கு டீயைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரும்பு மாத்திரை மதியத்துக்கு மேல்தான், கால்சியம் ராத்திரிக்கு. சுவரொட்டி, அதான் ஆட்டு மண்ணீரல், அந்த வாடையே ஆகாத பிள்ளை, ரத்தம் ஊற வேண்டும் என்று நான் சுட்டுக் கொடுத்ததை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றுவிட்டு, மாமி, ஆட்டுக்கு ரெண்டு சுவரொட்டி இல்லாமப் போச்சே என்று என்னையே கிண்டல் பண்ணுகிறாள். அம்புட்டு வைராக்கியம், அதில் கால்வாசி என் வயிற்றில் பிறந்த உனக்கு இல்லை. மாஷா அல்லாஹ், என் கண்ணே பட்டுவிடக் கூடாது.

நேற்று புது டெஸ்ட் வந்தது. டி.எஸ்.ஹெச். சரியான அளவுக்கு இறங்கிவிட்டது, ரத்தமும் ஊறியிருக்கிறது, வைட்டமின் மட்டும் இன்னும் கொஞ்சம் ஏற வேண்டுமாம். அல்ஹம்துலில்லாஹ் என்று அவளைக் கட்டிக்கொண்டு நான்தான் அழுதேன், அவள் அழவில்லை. மாமி, இதை அவுகட்ட சொல்லவா, இப்பவாச்சும் நம்புவாகளா என்று கேட்டாள். நம்புவான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை தவ்பீக்.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், வெயிலில் தண்ணீர் குடிக்க மறக்காதே. இதைப் படித்ததும் அவளுக்குப் போன் பண்ணு. மாத்திரை போட்டியா என்று ஆரம்பிக்காதே, மன்னிச்சுக்க என்று ஆரம்பி. அவள் மன்னித்த பிறகு என்னோடு பேசினால் போதும்.

உன் அம்மா,
ஜெயினம்பு