கலவாய்த் தலை

தம்பி,

கடலுக்குள்ள முருகைக்கல் பாறைப் பக்கத்தில நீ பிடிக்கிற பெரிய மீனில நஞ்சிருக்கெண்டு நான் சொன்னதுக்குக் கோவிச்சுக்கொண்டு இரண்டு வருசம் கதையாமல் இருந்தாய். போன கிழமை நீயாய் ஒரு கலவாய் மீன்ர தலை அனுப்பினாய். ஆய்வுகூடத்தில ஊரார் மீனையெல்லாம் சோதிக்கிற எனக்கு அதைச் சோதிக்க மனம் வரேல்லை. ஆக்கிச் சாப்பிட்டனான்.

இப்ப பச்சைத்தண்ணி தொட்டால் நெருப்பாய்ச் சுடுது. பெரிசாய் ஒண்டுமில்லை, கொஞ்ச நாளில மாறும்.

மிச்சத் துண்டைச் சோதிக்கச் சொன்னனான். நான் சொன்னதுதான் சரி. முருகைக்கல்லில வளருற பாசியின்ர நஞ்சுதான் மீனில ஏறியிருக்கு, அவிச்சாலும் போகாது. சல்லி ஊரில மற்ற மீன்பிடிகாரருக்கு நீயே சொல்லு, உன்ர சொல்லைக் கேப்பினம்.

குழம்பு நல்ல ருசி.

அந்த மீன்ர நடுத்துண்டை நீ சாப்பிட்டிருப்பாய். தண்ணி சுட்டால் கோபத்தை விட்டுட்டு உடன ஆஸ்பத்திரிக்கு வா. எனக்குப் பக்கத்துக் கட்டில் வெறுமையாய்த்தான் கிடக்கு.

அக்கா